அயற்பெண்கள் இட்ட பெயர்

தியான வாசகம்: ரூத்து 1:19–22, 4:13–17



பழைய ஏற்பாட்டிலே ரூத்து ஆகமம் என்று நான்கே அதிகாரங்கள் கொண்ட சிறு நூல் ஒன்று உண்டு. ரூத்தின் உண்மை அன்பைப் பற்றியும் போவாசின் பெருந்தன்மையைப் பற்றியும் நாம் பல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்நூலின் தொடக்கத்திலும் முடிவிலும் வந்து நிற்கின்ற ஒரு கூட்டத்தாரை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அவர்கள் பெத்லெகேம் ஊர்ப் பெண்கள். அவர்களுள் ஒருத்தியின் பெயரேனும் எழுதப்படவில்லை. ஆயினும் வேதாகமம் அவர்களை இருமுறை நம் கண்முன் நிறுத்துகின்றது.

முதல்முறை, நவோமி ஊர் திரும்பும்போது. பஞ்சகாலத்திலே கணவனோடும் இரு புதல்வரோடும் மோவாப் நாட்டுக்குப் போனவள் அவள். ஏறக்குறையப் பத்து ஆண்டுகளின் பின் கணவனையும் பிள்ளைகளையும் அங்கே புதைத்துவிட்டு, வெறுங்கையோடு, அந்நிய நாட்டு மருமகள் ஒருத்தியோடு திரும்பி வந்தாள். அவளைக் கண்டு ஊர் முழுவதும் கலங்கிற்று. பெண்கள் ஓடிவந்து, இவள் நமது நவோமிதானா என்று கேட்டார்கள். இனி என்னை இன்பமுடையவள் என்று பொருள்படும் நவோமி என்ற பெயரால் அழையாதீர்கள், கசப்பு என்று பொருள்படும் மாரா என்றே அழையுங்கள் என்று அவள் கதறினாள். அப்பெண்கள் அவளுக்கு உபதேசம் செய்ததாக ஆகமம் கூறவில்லை. ஆனால் அவர்கள் அவளை மாரா என்று அழைத்ததாகவும் கூறவில்லை.

இரண்டாம் முறை, ரூத்து போவாசை மணந்து ஆண்பிள்ளை ஒன்றைப் பெற்றெடுத்தபோது. அதே பெண்கள் திரும்பவும் வருகிறார்கள். ஆண்டவரைப் புகழ்கிறார்கள். அந்நிய நாட்டிலிருந்து வந்த ரூத்தை, ஏழு ஆண்மக்களிலும் மேலானவள் என்று மாமியின் முன்னிலையிலேயே பாராட்டுகிறார்கள். நவோமி குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அதனை வளர்ப்பவளானாள். அயற்பெண்களோ, நவோமிக்கு ஒரு மகன் பிறந்தான் என்று சொல்லி அந்தக் குழந்தைக்குப் பெயரும் இட்டார்கள்.

துயரத்திலே ஓடிவந்தவர்களும் மகிழ்ச்சியிலே பாடி நின்றவர்களும் ஒரே பெண்கள். இந்த இரண்டையும் பிரித்துவிடக் கூடாது என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகின்றேன். ஊருக்கு உழைப்பதும் ஊரோடு மகிழ்வதும் ஒரே பணியின் இரு கைகள். அந்தக் கைகள் யாரைத் தழுவுகின்றன, யாரை வெளியே நிற்க விடுகின்றன என்பதே நமது மாதர் சங்கங்களுக்கு ஆண்டவர் வைக்கும் சோதனை.

நம் ஊர்ப் பெண்கள்

பெத்லெகேமின் பெண்கள் நமக்கு அந்நியர் அல்லர். நமது ஊர்களிலே ஒரு வீட்டில் சாவு நிகழ்ந்தால் அந்த வீட்டு அடுப்பு மூட்டப்படுவதில்லை. யாரும் சொல்லியனுப்புவதில்லை, ஆயினும் பொழுது நன்றாகப் புலருமுன் அயல்வீட்டிலிருந்து தேநீர் வருகின்றது, மத்தியானம் சோறும் கறியும் வருகின்றன. அழுது களைத்த தாயின் தலையை மடியில் தாங்க ஒருத்தி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி உடுத்த ஒருத்தி, வருகிறவர்களுக்குப் பாய் விரிக்க ஒருத்தி. பிள்ளை பெற்ற வீடானால் சரக்கு அரைத்துக் கொடுக்கவும், மூத்த பிள்ளையைத் தம் வீட்டிலே கொண்டுபோய்த் தூங்கவைக்கவும் ஆட்கள் உண்டு. கோவில் திருநாள் வந்தால் வளவைக் கூட்டுவது யார்? பீடத் துணிகளைத் தோய்ப்பது யார்? தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சமைப்பது யார்? கரையூர்களிலும் வயலூர்களிலும் மலையகத் தோட்டத்து லயங்களிலும் இந்தக் கேள்விகளுக்கு ஒரே விடைதான்.

உலையிலே அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்து வேறு பானையிலே இட்டுவைத்து, சேர்ந்ததை இல்லாத வீட்டுக்கோ பொதுக் காரியத்துக்கோ கொடுக்கும் பிடியரிசி வழக்கத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். அந்த ஒரு பிடியால் வீட்டாரின் வயிறு குறைந்துவிடவில்லை. ஆனால் பலவீட்டுப் பிடிகள் சேர்ந்து ஒரு வீட்டைக் காப்பாற்றின.

இன்று இவ்வுழைப்பு பல பெயர்களோடு நடக்கின்றது. மாதர் சங்கம் என்றும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் என்றும், பங்குகளிலே மரியாயின் சேனை என்றும் அன்னையர் சபை என்றும் அழைக்கின்றோம். மரியாயின் சேனையும் தொடக்கத்திலே ஒரு சிறு பெண்கள் குழுவாகவே இருந்தது என்பதை நினைவுகூருங்கள். 1921ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி, தேவதாயின் பிறந்தநாளுக்கு முந்திய மாலையிலே, அயர்லாந்தின் டப்ளின் நகரிலே பிராங்க் டவ் என்பவரோடும் ஒரு குருவோடும் கூடியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்களே. அவர்கள் எடுத்த முதல் வேலை வைத்தியசாலையிலிருந்த ஏழைப் பெண்களைச் சந்தித்து ஆறுதல் கூறுவது. செபமாலை ஒரு கையிலும் அயலவளின் கை மறுகையிலுமாக அது வளர்ந்தது.

தையலே சாட்சியம்

பணியைப் பற்றி முதலிலே பேசுவோம். அப்போஸ்தலர் பணி நூலின் ஒன்பதாம் அதிகாரத்திலே, யோப்பா பட்டணத்து தபித்தா என்னும் சீடத்தியைப் பற்றி வாசிக்கின்றோம். அவள் நோயுற்று இறந்துபோகிறாள். அருகிலிருந்த லித்தா ஊரிலிருந்து புனித இராயப்பரை அழைத்து வருகிறார்கள். அவர் மேல்மாடிக்கு ஏறிப் போனபோது அங்கே என்ன கண்டார்? கைம்பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று, அழுதுகொண்டு, தபித்தா தங்களுக்குச் செய்து கொடுத்த உடைகளை எடுத்துக் காட்டினார்கள்.

அவளுடைய சேவைக்கு அறிக்கை ஒன்றும் வாசிக்கப்படவில்லை. படம் எடுத்து மாட்டப்படவுமில்லை. அந்த ஏழைகள் உடுத்தியிருந்த துணியே அவளுக்குச் சாட்சியம் சொல்லிற்று. இராயப்பர் முழந்தாளிட்டுச் செபித்து அவளை எழுப்பியபின் பரிசுத்தர்களையும் கைம்பெண்களையும் அழைத்து அவளை அவர்களிடமே ஒப்படைத்தார். அழுத கூட்டமே ஆனந்தக் கூட்டமும் ஆயிற்று.

நமது சங்கங்கள் ஆண்டு முடிவிலே கணக்கறிக்கை வாசிக்கின்றன. வாசிக்கவே வேண்டும், பொதுப்பணத்துக்குக் கணக்கு அவசியம். ஆயினும் இன்னுமொரு கேள்வியும் கேட்கப்படல் வேண்டும். நாளை நமது சங்கம் இல்லாமற் போனால், இவர்கள் எனக்குச் செய்தது இது என்று எடுத்துக் காட்டி அழுவதற்கு இந்த ஊரிலே யாராவது உண்டா? இருப்பின் அந்தச் சங்கம் உயிரோடிருக்கிறது. இல்லையாயின் பதிவேடு மட்டுமே இருக்கிறது.

ஒரு தாயின் துயரிலிருந்து

பணி என்பது கொடுப்பது மட்டுமன்று, ஒருவருக்கொருவர் கற்பிப்பதுமாகும். இதற்கு ஓர் உதாரணம் கூறுகின்றேன். அதன் தொடக்கம் தூர தேசத்திலே என்றாலும் முடிவு நமது நாட்டிலேயே வந்து சேர்கின்றது.

கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்திலே அடிலெய்ட் ஹூட்லெஸ் என்னும் தாய் இருந்தார். 1889ஆம் ஆண்டிலே இரண்டு வயதும் நிரம்பாத அவருடைய மகன் இறந்துபோனான். அசுத்தமான பாலைக் குடித்ததே அதற்குக் காரணம் என்று கூறப்படுகின்றது. பால் எப்படிப் பழுதடைகின்றது என்பதை அறிந்திருந்தால் என் பிள்ளை பிழைத்திருப்பான் அல்லவா என்ற எண்ணம் அத்தாயை விடவில்லை. அவர் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கவில்லை. மற்றத் தாய்மார் அதே துயரை அடையாதிருக்க, சுத்தம், சமையல், பிள்ளைவளர்ப்பு ஆகியவற்றைப் பெண்கள் முறையாகக் கற்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று பேசினார். 1897ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் திகதி, ஸ்ரோனி கிறீக் என்னும் விவசாயக் கிராமத்திலே அவருடைய பேச்சைக் கேட்க 100 பெண்கள்வரை கூடினார்கள். அன்று உலகத்தின் முதலாவது கிராமிய மாதர் சங்கம் தோன்றியது. அதன் அமைப்பு விதிகள் ஒரு விவசாயக் குடும்பத்தின் உணவு மேசையிலே எழுதப்பட்டன. 1915ஆம் ஆண்டிலே அது பிரித்தானியாவுக்கும் பரவி, வேல்ஸ் நாட்டிலே முதற்கிளை தொடங்கியது.

அதே ஒன்ராறியோ மாகாணத்திலே 1873ஆம் ஆண்டு பிறந்த மருத்துவர் ஒருவர், இலங்கைத் தமிழர் ஒருவரை மணந்து, அக்காரணத்தாலேயே மிஷன் வேலையை இழந்தபோதிலும், இந்த நாட்டையே தம் நாடாக ஏற்றுக்கொண்டார். அவர்தான் டொக்டர் மேரி இரத்தினம். நம் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று 1927ஆம் ஆண்டு அமைந்த சங்கத்திலே முன்னின்று உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். 1931ஆம் ஆண்டிலே அவ்வுரிமை நடைமுறைக்கு வந்தது. ஆனால் நகரத்துப் படித்த பெண்களின் கூட்டங்களோடு அவர் திருப்தியடையவில்லை. கிராமத்துப் பெண்ணிடம் போக வேண்டும் என்று எண்ணினார். 1930ஆம் ஆண்டிலே, தாம் பிறந்த நாட்டின் கிராமிய மாதர் சங்கங்களை மாதிரியாகக் கொண்டு லங்கா மகிளா சமித்தியை ஆரம்பித்தார். கிராமங்கள்தோறும் பெண்கள் கூடினர். சுகாதாரம், வீட்டுத்தோட்டம், தையல், நெசவு, பிள்ளைவளர்ப்பு ஆகியவற்றைக் கற்றனர், கற்பித்தனர். 1958ஆம் ஆண்டிலே, பொதுச்சேவைக்கான மகசேசே விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலே உலக நாட்டுப்புறப் பெண்கள் சங்கங்களின் பேரவை கொழும்பிலேயே கூடியது.

அவர் கத்தோலிக்கர் அல்லர். எனினும் நல்லது எங்கே விளைந்தாலும் அது தேவனுடைய வயலிலே விளைந்ததுதான். ஒரு தாயின் கண்ணீர் கடல் கடந்து வந்து எத்தனையோ தாய்மாரின் கண்ணீரைத் துடைத்தது. கசப்பிலே அமிழ்ந்துபோக இருந்தவள் மற்றவர்களுக்கு இன்பமானாள். நவோமியின் கதையன்றோ இதுவும்!

இன்னுமொன்றையும் கவனியுங்கள். இச்சங்கங்களிலே பணக்காரி கொடுக்க ஏழை வாங்குவது என்ற முறை இல்லை. ஒருத்திக்குப் பன் பின்னத் தெரியும். ஒருத்திக்கு நாற்றுமேடை போடத் தெரியும். ஒருத்திக்குப் படிவம் நிரப்பத் தெரியும். ஒருத்திக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எப்போது வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்று தெரியும். கைந்நாட்டு வைக்கும் தாயிடமும் கற்பதற்கு ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் சங்கமே உண்மையில் சங்கம்.

மகிழ்வதும் பணியே

இனிக் கொண்டாட்டத்தைப் பற்றிப் பார்ப்போம். இவ்வளவு கஷ்டத்துக்கிடையிலே இந்தப் பெண்களுக்கு ஆட்டமும் பாட்டமும் எதற்கு என்று கேட்கிற ஆண்கள் உண்டு. சில பெண்களும் அப்படிக் கேட்பதுண்டு. ஆண்டவரோ அவ்விதம் கேட்கவில்லை. லூக்காஸ் நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்திலே, பத்துக் காசுகளில் ஒன்றைத் தொலைத்த பெண்ணின் உவமையைச் சொல்கிறார். அவள் விளக்கேற்றி, வீட்டைக் கூட்டித் தேடுகிறாள். கிடைத்ததும் தோழியரையும் அயற்பெண்களையும் கூப்பிட்டுத் தன்னோடு சேர்ந்து மகிழச் சொல்கிறாள். மனந்திரும்பும் பாவியைக் குறித்து மோட்சத்திலே உண்டாகும் மகிழ்ச்சிக்கு ஆண்டவர் அங்கே காட்டும் ஒப்புமை, ஒரு சிறு வீட்டு வாசலிலே கூடிய அயற்பெண்களின் சிரிப்பொலியாகும்.

தேவதாயையும் நினைத்துப் பாருங்கள். மலைநாட்டுக்கு விரைந்துபோய், வயதான எலிசபெத்தம்மாளோடு ஏறக்குறைய மூன்று மாதங்கள் தங்கினார். தண்ணீர் அள்ளவும் மா இடிக்கவும் அங்கே வேலை இருந்திருக்கும். ஆனால் வாசற்படியிலே முதலில் எழுந்தது வாழ்த்தும் பாட்டும். எலிசபெத்தம்மாள் பிள்ளையைப் பெற்றபோது அயலவரும் உறவினரும் அவரோடு சேர்ந்து மகிழ்ந்தார்கள் என்று லூக்காஸ் மறவாமல் எழுதியிருக்கிறார்.

ஆகவே, மார்ச் 8ஆம் திகதி பெண்கள் தினத்திலோ, சங்கத்தின் ஆண்டு விழாவிலோ நமது தாய்மார் சங்கீதக் கதிரையிலும் தேங்காய் துருவும் போட்டியிலும் கயிறிழுத்தலிலும் கலந்து, சிறுபிள்ளைகளைப் போல் கைகொட்டிச் சிரிப்பதைக் கண்டால் ஏளனம் செய்யாதீர்கள். ஆண்டு முழுவதும் அடுப்படியிலும் வயலிலும் வாடியிலும் கொழுந்து மலையிலும் நின்ற கால்கள் ஒருநாள் விளையாட்டுக்காக ஓடுகின்றன. சிரிக்கத் தெரிந்த ஊரே அழுகிறவனைத் தாங்கவும் பலமுடையதாயிருக்கும்.

ஆனால் கொண்டாட்டம் ஆடம்பரமாகிவிடக் கூடாது. கடன்பட்டு ஒரேநிறச் சேலை வாங்க வேண்டும் என்று தீர்மானித்தால், வாங்க முடியாதவள் அன்று தலைவலி என்று சொல்லி வீட்டிலே இருந்துவிடுவாள். அவள் ஏன் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். ஒருத்தியைத் தலைகுனிய வைத்து நடத்தும் விழா எத்தனை மாலை போட்டாலும் விழாவன்று.

குழந்தை யாருடைய மடியில்?

இப்போது நான் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு வருகின்றேன். பெத்லெகேமின் பெண்கள் கூடிக் கொண்டாடிய அந்த நாளிலே குழந்தை யாருடைய மடியிலே இருந்தது? கணவனை இழந்தவளுடைய மடியிலே! பிள்ளைகளையும் பறிகொடுத்தவளுடைய மடியிலே! அவளைச் சுற்றி நின்றே அவர்கள் பாடினார்கள். அவளுக்கே மகன் பிறந்தான் என்று ஊருக்கு அறிவித்தார்கள்.

நமது வீடுகளிலே என்ன நடக்கின்றது? சாமத்தியவீடு என்றாலும் கலியாணவீடு என்றாலும் தட்டம் தூக்க வருமாறு சுமங்கலிப் பெண்களை அழைக்கின்றோம். ஆராத்தி எடுக்க அவர்களையே தேடுகின்றோம். கைம்பெண்ணோ குசினிக்குள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். சொந்த மகளின் கலியாணத்திலேயே தாய் தூணுக்குப் பின்னால் நிற்கிறாள். நாங்கள் யாரையும் விலக்கவில்லை, அவரே ஒதுங்கிக்கொள்கிறார் என்று சொல்லுகின்றோம். அவர் ஒதுங்கக் கற்றுக்கொண்டது யாரிடம்? ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கக் குடும்பங்களிலும் இவ்வழக்கம் இன்னும் உயிரோடிருப்பது பெரும் துக்கம். சகுனத்திலே நம்பிக்கை வைப்பது பாவம் என்று சிறுவயதிலே ஞானோபதேச வகுப்பிலே படித்தோம். ஆனால் ஒரு விதவையின் முகத்தையே சகுனமாக்கிவிட்டோம்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதியின் கடற்கோள் நமது கரையூர்களைச் சூறையாடியது. 2009ஆம் ஆண்டு மேயில் முடிந்த யுத்தம் ஆயிரக்கணக்கான பெண்களைத் தனியே குடும்பம் தாங்கவிட்டுச் சென்றது. கணவன் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாமல் வாழ்கின்ற சகோதரிகளும் நம் பங்குகளிலே இருக்கிறார்கள். தாலியைக் கழற்றவும் மனமில்லை. அணிந்து நடந்தால் ஊர்வாய்க்கும் பதில் சொல்ல வேண்டும். மரித்த விசுவாசிகளின் திருநாளிலே அவர் பெயரை எழுதிக் கொடுப்பதா விடுவதா என்று ஆண்டுதோறும் தடுமாறுகிறார்கள். இவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டியது வெறும் பரிதாபமல்ல, இடம். சபையின் நடுவிலே இடம்.

எருசலேம் தேவாலயத்திலே, குழந்தை யேசுவை ஒப்புக்கொடுத்த நாளிலே, யார் வந்து தேவனைப் புகழ்ந்து, மீட்பை எதிர்பார்த்திருந்த அனைவருக்கும் அக்குழந்தையைப் பற்றிப் பேசினார்? முதிர்ந்த விதவையாகிய அன்னாள் என்னும் தீர்க்கதரிசினி. அந்த அன்னாள் இன்று நமது ஞானஸ்நான வீட்டுக்கு வந்தால், குழந்தையை அவர் கையிலே கொடுப்போமா, அல்லது பின்னாலே இருங்கள் அம்மா என்று கதிரையைக் காட்டுவோமா?

நமது மாதர் சங்கங்கள் மனம்வைத்தால் இந்த வழக்கத்தை மாற்றலாம். இதற்குச் சட்டம் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை. சங்க விழாவிலே விளக்கேற்ற ஒரு கைம்பெண்ணை அழையுங்கள். காணிக்கை கொண்டுபோகும் வரிசையிலே அவரை முன்னே விடுங்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய், குழந்தையை அவருடைய மடியிலே வையுங்கள். ஒருமுறை செய்தால் ஊர் முணுமுணுக்கும். மூன்றாம் முறை ஊர் மறந்துவிடும்.

வெறுங்கையோடு வரக்கூடிய இடம்

நிறைவாய்ப் போனேன், வெறுமையாய்த் திரும்பினேன் என்று நவோமி சொன்னாள். வெறுங்கையோடு வந்தவளை அப்பெண்கள் ஏற்றுக்கொண்டார்கள். இன்று நம் கிராமங்களிலே வேறு விதமான குழுக்களும் உண்டு. கிழமைக்குக் கிழமை அறவிடும் குழுக்கடனுக்காகச் சில பெண்களைச் சேர்த்து ஒருவருக்கொருவர் பிணை நிற்கச் செய்கிறார்கள். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் அவள் வாசலிலே போய் நிற்க வேண்டும். நேற்றுவரை செத்தவீட்டுக்குச் சோறு கொண்டுவந்த அயலவளே இன்று கடன்காரியாக வந்து நிற்கிறாள். இதனால் மானம் இழந்து, ஊரைவிட்டுப் போனவர்களும் உண்டு. உயிரையே மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. நிலைமை முற்றியதால், 2018ஆம் ஆண்டிலே வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பட்ட சிறுகடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வந்தது.

கடன் வாங்குவது பாவமென்று சொல்ல வரவில்லை. தையல்மெஷின் வாங்கவும் கோழி வளர்க்கவும் முதல் வேண்டும். ஆனால் அயலன்பையே அடகுப் பொருளாக்கும் குழுவுக்கும், பிடியரிசி சேர்த்த குழுவுக்கும் உள்ள வித்தியாசத்தை நமது தாய்மார் உணர வேண்டும். சங்கத்திலே தாமே சிறுகச் சேமித்து, தமக்குள்ளேயே குறைந்த வட்டிக்குக் கொடுத்து, நோய் வந்தவளுக்குத் தவணை கொடுத்து நடத்துகின்ற குழுக்கள் பல இடங்களிலே இருக்கின்றன. அவற்றைப் பலப்படுத்துங்கள். சந்தா கட்ட முடியாதவளின் பெயரை வெட்டுமுன் அவள் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

எவோதியாளும் சிந்திக்கேயும்

சங்கம் என்றால் சச்சரவும் உண்டு. புனித சின்னப்பர் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் நான்காம் அதிகாரத்திலே எவோதியாள், சிந்திக்கே என்ற இரு பெண்களின் பெயரைக் குறிப்பிட்டு, ஆண்டவருக்குள் ஒரே மனதாயிருக்குமாறு மன்றாடுகிறார். அவர்கள் என்ன காரணத்துக்காகப் பிணங்கினார்கள் என்று அவர் எழுதவில்லை. ஆனால் நற்செய்திக்காக அவர்கள் தம்மோடு சேர்ந்து போராடியவர்கள் என்று புகழ்ந்தே எழுதுகிறார். பிணங்கியதால் அவர்கள் செய்த பணியை அவர் மறந்துவிடவில்லை.

தலைவி பதவி யாருக்கு, திருநாளன்று மேடையிலே யார் இருப்பது, எந்த வீட்டிலே தேநீர் குடிப்பது, எந்த வீட்டிலே குடிக்காமல் வருவது என்பவற்றிலே நமது சங்கங்கள் உடைகின்றன. இவற்றுள் கடைசியாகச் சொன்னது வெறும் பிணக்கன்று. சாதி என்னும் பழைய நோய். ஒரே பந்தியிலே நற்கருணை வாங்கிவிட்டு, ஒரே குவளையிலே தண்ணீர் வாங்கத் தயங்குவோமாயின் நாம் எதை வாங்கினோம்? மோவாபியப் பெண்ணாகிய ரூத்தை மனதார வாழ்த்திய பெத்லெகேம் பெண்கள் இதிலும் நமக்குப் பாடம் கற்பிக்கின்றனர்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை

சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கோவில் வளவு கூட்டவும் சமைக்கவும் பெண்களை அழைக்கின்றோம். அருட்பணிச் சபையிலே தீர்மானம் எடுக்கும்போது அவர்களைத் தேநீர் கொண்டுவர அழைக்கின்றோம். ஆண்டவர் ஊர் ஊராகப் போதித்துச் சென்றபோது மரிய மதலேனாளும் யோவன்னாளும் சூசன்னாளும் வேறு பலரும் தங்கள் உடைமையைக்கொண்டு அவருக்கும் சீடருக்கும் பணிவிடை செய்தார்கள் என்று லூக்காஸ் எட்டாம் அதிகாரத்திலே கூறுகிறார். உயிர்ப்பின் காலையிலே முதற்செய்தியைக் கொண்டு ஓடியவர்களும் அவர்களே. அவர்கள் சொன்னதை அப்போஸ்தலர்கள் வீண்பேச்சென்று எண்ணி முதலிலே நம்பவில்லை. அந்தத் தவறை நாம் இன்னும் எத்தனை காலம் தொடர்வது? பொதுநிலையினரின் பணியைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஏடு, திருச்சபையின் பணித்துறைகளிலும் பெண்களின் பங்கு விரிவடைய வேண்டும் என்று வற்புறுத்தியிருக்கின்றது. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை, எந்த வீட்டில் குடியால் அடி விழுகிறது என்பது ஊரிலே முதலில் யாருக்குத் தெரியும்? அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேளாமல் எடுக்கும் தீர்மானம் பாதிக் கண்ணால் பார்த்து எடுத்த தீர்மானம்தான். கூட்டத்துக்குப் போகும் மனைவியைப் பார்த்து முகம் சுளிக்காமல், அன்றைக்குச் சோற்றுப்பானையை நீங்கள் இறக்கிவையுங்கள். அதுவும் ஒரு புண்ணியம்.

அந்தப் பெயரின் பொருள்

அன்பார்ந்தவர்களே, பெத்லெகேமின் பெண்கள் அக்குழந்தைக்கு என்ன பெயரிட்டார்கள்? ஓபேத். எபிரேய மொழியிலே அதற்குப் பணி செய்கிறவன், தேவனை வழிபடுகிறவன் என்பது பொருள். கொண்டாட்டத்தின் நடுவிலே, மகிழ்ச்சிப் பெருக்கிலே, அவர்களுக்கு வாயில் வந்த பெயர் ஊழியன் என்பது! பணியையும் விழாவையும் அவர்கள் ஒரே பெயரிலே கட்டிவிட்டார்கள். அந்த ஓபேத்தின் மகன் ஈசாய். ஈசாயின் மகன் தாவீது. தாவீதின் வழியிலே, அதே பெத்லெகேம் ஊரிலே, பணிவிடை பெறுவதற்கல்ல, பணிவிடை புரிவதற்கே வந்த நமது ஆண்டவர் பிறந்தார். பெயர் தெரியாத அயற்பெண்கள் சிலர் ஒரு விதவையைச் சூழ்ந்து நின்று மகிழ்ந்த நாள், நமது மீட்பின் வரலாற்றிலே ஒரு நாளாயிற்று.

வருகின்ற கிழமை உங்கள் சங்கம் கூடும்போது, கூட்ட அறிக்கையை வாசிக்குமுன், ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள். யார் இங்கே இல்லை என்று கேளுங்கள். அவள் வீட்டுக்கு இருவராகச் செல்லுங்கள். உபதேசம் செய்ய வேண்டாம். இருந்து அவள் சொல்வதைக் கேளுங்கள். அடுத்த முறை அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து நடுவிலே இருத்துங்கள்.

ஆண்டவராகிய யேசுவே, உமது தாய் மலைநாட்டு வீட்டுக்குக் கொண்டுபோன உழைப்பையும் பாட்டையும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் தந்தருளும். கசப்போடு வருகின்றவள் எவளும் எங்கள் வாசலிலிருந்து மாராவாகத் திரும்பாதபடி எங்கள் இருதயங்களை விரிவாக்கியருளும். ஆமென்.